கணக்குப் போட்டுப் பார்ப்போம், பிறகு கையெழுத்துப் போடுவோம்

(கூட்டமைப்பின் ஊக்குநர்கள், பிரதிநிதிகளுக்கு நடந்த கணக்குப் பயிற்சியில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். பயிற்சிக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காகக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டவும்.)



கணக்குப் பயிற்சி என்று சொன்னவுடனே பாதிப் பேர் முகம் வாடிப் போச்சு. "எனக்குக் கணக்கு வராது மேடம், எங்க ஊக்குநர் பாத்துக்குவாங்க" என்று பின் வரிசையில் ஒரு அம்மா சொன்னது என் காதிலும் விழுந்தது. அந்த அம்மாவைக் கேட்கிறேன். சந்தையில் கால் கிலோ மிளகாய்க்கு மீதிச் சில்லறை இரண்டு ரூபாய் குறைந்தால் விடுவீங்களா? மாட்டீங்க. அப்போ கணக்கு வரும். கடன் பத்திரம் வரும்போது மட்டும் நாம் கணக்கை மறந்துவிட்டுப் பேனாவைத் தேடுகிறோம். இன்றைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சொன்ன தப்பான பதில்

2018-ல் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழுவில் ஒரு அக்கா மோட்டார் வைத்த தையல் மெஷின் வாங்க 12,000 ரூபாய் கேட்டார். குழுவில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். ஆனால் முன்னாடி இரண்டு பேர் வரிசையில் இருந்ததால் ஒரு மாதம் காத்திருக்கணும். அதே வாரத்தில் வீடு தேடி வந்து கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்காரரும் வந்தார். "எங்களுக்கும் 12 சதவீதம்தான், நாளைக்கே பணம்" என்றார்.

அந்த அக்கா என்னிடம் கேட்டார்: "மேடம், நீங்க படிச்சவங்க. எதை எடுக்கட்டும்?"

நான் சொன்னேன்: "ரெண்டும் 12 தானேக்கா. எது சீக்கிரம் வருதோ அதை எடுங்க."

எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும்போது புள்ளியியல் தாள் எழுதி நல்ல மார்க் வாங்கினவள் நான். ஒரு நிமிஷம் பேப்பரை எடுத்துப் போட்டுப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆறு மாதம் கழித்து அந்த அக்கா அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். "பாதிக் கடனைக் கட்டிட்டேன் மேடம். வட்டி மட்டும் ஏன் இன்னும் குறையவே இல்லை?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இப்போது போர்டில் எழுதப் போகிறேன். நீங்களும் நோட்டில் எழுதுங்க.

முதல் கணக்கு: ரெண்டு 12-ம் ஒன்றில்லை

கடன் 12,000. தவணை 12 மாதம்.

நம் குழுவில் அசல் மாதம் 1,000. வட்டி, மீதி நிற்கும் பாக்கிக்கு மட்டும். முதல் மாதம் 12,000-க்கு வட்டி 120. ஆக 1,120 கட்டணும். இரண்டாம் மாதம் பாக்கி 11,000, வட்டி 110. மூன்றாம் மாதம் வட்டி 100. இப்படிக் குறைந்து குறைந்து கடைசி மாதம் 1,000 பாக்கிக்கு வட்டி 10 ரூபாய்தான். பன்னிரண்டு மாத வட்டியையும் கூட்டுங்க. 120, 110, 100... கடைசியில் 10. மொத்தம் 780 ரூபாய். இதுதான் குறைந்துகொண்டே போகும் வட்டி.

அந்த நிறுவனத்தில் எப்படிப் போட்டார்கள்? 12,000-க்கு ஒரு வருஷத்துக்கு 12 சதவீதம், 1,440 ரூபாய். அதை அசலோடு கூட்டி 13,440. பன்னிரண்டால் வகுத்து மாதம் 1,120. இதற்குப் பெயர் பிளாட் வட்டி.

கவனிச்சீங்களா? முதல் மாதம் இரண்டு இடத்திலும் 1,120 தான். அதனால்தான் இரண்டும் ஒன்று போலத் தெரியுது. இரண்டாம் மாதத்தில் இருந்துதான் பாதை பிரியுது. குழுவில் தவணை மாதம் பத்துப் பத்து ரூபாயாக இறங்கும். அங்கே கடைசி வரைக்கும் 1,120.

கடைசி மாதத்தை மட்டும் எடுத்துப் பாருங்க. அந்த அக்கா கையில் நிற்பது வெறும் 1,000 ரூபாய் கடன். அதற்கு அந்த மாதம் வட்டி 120. நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் மாத வட்டி! ஊருக்குள் யாராவது இந்த வட்டி கேட்டால் சண்டைக்குப் போவோம். அட்டையில் அச்சடித்துக் கொடுத்தால் பேசாமல் கட்டிவிடுகிறோம். திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்து வட்டி கட்டிக்கொண்டே இருக்கிறோம். அந்த அக்கா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

மூன்று கேள்வி, ஒரு வகுத்தல்

எந்தக் கடனாக இருந்தாலும் அதன் உண்மையான வட்டியைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. மூன்று கேள்வி கேளுங்க.

ஒன்று: என் கைக்கு எவ்வளவு வரும்?

இரண்டு: எல்லாம் சேர்த்து நான் எவ்வளவு கட்டுவேன்?

மூன்று: சராசரியாக நான் சுமக்கும் கடன் எவ்வளவு?

மூன்றாவது கேள்விதான் புதுசு. முதல் மாதம் நம் தலையில் 12,000 பாக்கி. கடைசி மாதம் 1,000. இரண்டையும் கூட்டினால் 13,000. பாதி 6,500. வருஷம் முழுக்கச் சராசரியாக நாம் சுமந்தது 6,500 ரூபாய்தான், 12,000 இல்லை.

இப்போது வகுத்துப் பாருங்க. குழுவில் வட்டி 780. அதை 6,500-ல் வகுத்தால் நூற்றுக்குச் சரியாக 12. நம்ம குழு பொய் சொல்லவில்லை. நிறுவனத்தில் வட்டி 1,440. அதை 6,500-ல் வகுத்தால் நூற்றுக்கு 22 ரூபாய்ப் பக்கம் வருது. வாயால் சொன்னது 12. வாங்கியது 22.

இதோடு முடியவில்லை. அந்த அக்கா கைக்கு 12,000 வரவில்லை. பிராசசிங் கட்டணம் 240, காப்பீடு 360 என்று பிடித்துக்கொண்டு 11,400 தான் கொடுத்தார்கள். மெஷின் விலைக்குக் குறைந்த 600-ஐ நாத்தனாரிடம் கைமாற்று வாங்கினார். இந்த 600-ம் கடனுக்காகக் கொடுத்த விலைதானே? 1,440-உடன் 600 சேர்த்தால் 2,040. அதை 6,500-ல் வகுங்க. நூற்றுக்கு 31 ரூபாய். குழுவில் எடுத்திருந்தால் கட்டியிருக்க வேண்டியது 780. வித்தியாசம் 1,260 ரூபாய். ஒரு மாதம் பொறுத்திருந்தால் மிச்சமாகியிருக்கும். நான் அவசரப்பட்டுச் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவர் கொடுத்த விலை அது.

இது மனக்கணக்கு. பாங்க் கம்ப்யூட்டரில் போட்டால் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனால் ஏமாறாமல் இருக்க இது போதும். கடன் ஒரு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் வந்த விடையை வருஷக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளணும். பத்து மாதக் கடன் என்றால் பத்தால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்குங்க.

இதே முறையில் தண்டலையும் போட்டுப் பார்த்துவிடலாம். 10,000 எழுதிக்கொண்டு 1,500 பிடித்துவிட்டு 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்டணும். "தினம் நூறு ரூபாதானே" என்று லேசாகத் தெரியும். முதல் நாள் பாக்கி 10,000, கடைசி நாள் பாக்கி 100, சராசரி 5,050. அதில் 1,500-ஐ வகுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 30 ரூபாய். இது வருஷத்துக்கு இல்லைங்க, நூறு நாளைக்கு. வருஷக் கணக்குக்கு மாற்றினால் 108 சதவீதம். கைக்கு வந்த 8,500-ஐ வைத்து நுணுக்கமாகப் போட்டால் இன்னும் மேலே போகும். 2003-ல் தமிழ்நாட்டில் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டலின் பெயரும் இருக்கிறது என்பதை மறக்காதீங்க.

இரண்டாவது கணக்கு: சராசரியை நம்பித் தவணை வைக்காதீங்க

கடனின் விலை தெரிஞ்சாச்சு. அடுத்து, கட்ட முடியுமா என்று பார்க்கணும்.

ஒரு உதாரணம். முறுக்கு, அதிரசம் போட்டு விற்கும் ஒரு சகோதரி. ஆறு மாத லாபத்தை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

ஜூலை 1,500
ஆகஸ்ட் 1,200
செப்டம்பர் 1,800
அக்டோபர் 9,000
நவம்பர் 1,400
டிசம்பர் 1,100

மொத்தம் 16,000. ஆறால் வகுத்தால் சராசரி 2,667 ரூபாய். மாதத் தவணை 2,000 என்றால் தாராளமாகக் கட்டலாம் போலத் தோணும். கடன் கொடுப்பவரும் இந்தச் சராசரியைத்தான் காட்டுவார்.

ஆனால் நோட்டை மறுபடி பாருங்க. 2,000 ரூபாய்க்கு மேல் லாபம் வந்தது எத்தனை மாதம்? ஒரே ஒரு மாதம், தீபாவளி மாதம். மற்ற ஐந்து மாதமும் தவணைக்குப் பணம் பத்தாது. ஒரு பண்டிகை மாதம் சராசரியை மேலே தூக்கிவிட்டது.

அதனால் இன்னொரு எண்ணையும் பார்க்கணும். ஆறு மாத லாபத்தையும் சின்னதில் இருந்து பெரியது வரை வரிசையாக எழுதுங்க. 1,100, 1,200, 1,400, 1,500, 1,800, 9,000. நடுவில் நிற்பது 1,400-ம் 1,500-ம். இரண்டுக்கும் நடு 1,450. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை இடைநிலை அளவு என்பார்கள். நாம் நடு எண் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொழிலில் சாதாரண மாதம் என்றால் 1,450 என்று அர்த்தம். தவணை அதற்குள் இருக்கணும்.

"தீபாவளிப் பணத்தை வைத்துச் சமாளிக்கலாமே" என்று ஒரு சகோதரி இங்கே கேட்டாங்க. நல்ல கேள்வி. ஆறு மாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் 16,000 வரவு, 12,000 தவணை, மிச்சம் 4,000. முடியும் போலத்தான் தெரியுது. ஆனால் தீபாவளி அக்டோபரில் வருது. தவணை ஜூலையிலேயே தொடங்குது. ஜூலையில் 500, ஆகஸ்டில் 800, செப்டம்பரில் 200. தீபாவளி வருவதற்குள் 1,500 ரூபாய் துண்டு விழும். அந்த 1,500-க்கு எங்கே போவோம்? தண்டல்காரரிடம் போவோம். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று தொடங்குவது இப்படித்தான். லாபமான தொழிலில் கூடக் கடன் முற்றிப் போவதற்குக் காரணம், பணம் வரும் மாதமும் தவணை கட்டும் மாதமும் பொருந்தாமல் போவதுதான்.

அப்போ என்ன செய்யலாம்? கடன் தொகையைக் குறைக்கலாம். தவணைக் காலத்தை நீட்டலாம், ஆனால் மொத்த வட்டி கூடும் என்பதையும் கணக்குப் போட்டுக்கணும். குழுக் கடனாக இருந்தால், பண்டிகை மாதத்தில் கூடுதலாகவும் மற்ற மாதத்தில் குறைவாகவும் கட்டுகிற மாதிரி முன்கூட்டியே தீர்மானம் எழுதிக்கொள்ளலாம். குழுக் கடனில் இந்த வசதி இருக்கு. வேறு இடத்தில் கிடைப்பது கஷ்டம்.

இன்னொன்று. லாபம் எழுதும்போது எண்ணெய், மாவு, விறகு எல்லாம் கழிக்கிறோம். நம் கூலியைக் கழிக்கிறோமா? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்படியில் நின்றதற்கும் விலை இருக்கு. அதைக் கழித்த பிறகு நிற்பதுதான் உண்மை லாபம். கழித்துப் பார்த்தால் சில தொழிலில் ஒன்றுமே நிற்காது. அப்படிப்பட்ட தொழிலுக்குக் கடன் வாங்கிப் பெரிசாக்கினால் கஷ்டம்தான் பெரிசாகும்.

மூன்றாவது கணக்கு: எத்தனை பேர், எவ்வளவு பணம்

இது ஊக்குநர், பிரதிநிதிகளுக்கான கணக்கு.

பதினைந்து பேர் உள்ள குழு. வெளியில் நிற்கும் கடன் 1,00,000 ரூபாய். பதினான்கு பேர் ஒழுங்காகக் கட்டுறாங்க. ஒருவர் மட்டும் மூன்று மாதமாகக் கட்டவில்லை. கூட்டத்தில் அறிக்கை கொடுக்கும்போது எப்படிச் சொல்வோம்? "93 சதவீதம் பேர் சரியாகக் கட்டுறாங்க" என்போம். கைதட்டும் கிடைக்கும்.

அந்த ஒருவரின் பாக்கி எவ்வளவு என்று கடன் பேரேட்டைப் பாருங்க. 30,000 ரூபாய் என்றால் குழுப் பணத்தில் நூற்றுக்கு முப்பது நெருக்கடியில் இருக்கிறது. ஆளை எண்ணினால் 93 நன்றாக இருக்கு. பணத்தை எண்ணினால் 30 ஆபத்தில் இருக்கு. இரண்டும் உண்மைதான். ஆனால் குழு உடைந்தால் அது இரண்டாவது எண்ணால்தான் உடையும். அதனால் மாதா மாதம் இரண்டையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க.

எழுதுவது அந்தச் சகோதரியைக் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்த இல்லை. ஆஸ்பத்திரிச் செலவா, வீட்டுக்காரர் வேலை போச்சா என்று முதல் மாதமே தெரிந்தால் தவணையை மாற்றிக் கொடுக்கலாம். மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால் அதற்குள் அவர் வேறு எங்கோ வட்டிக்கு வாங்கியிருப்பார்.

சட்டம் நமக்குக் கொடுத்திருப்பது

2022 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் கடனுக்கு இது பொருந்தும். பாங்குக்கும், ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிதி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். முக்கியமானதை மட்டும் சொல்றேன், எழுதிக்கோங்க.

கட்டணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் வட்டி என்பதை ஒரு விவரத் தாளில் எழுதிக் காட்டணும். நாம் இப்போது போட்ட 31 மாதிரியான எண் அதில் இருக்கணும். கடன் அட்டை நமக்குப் புரிகிற மொழியில் இருக்கணும்.

முன்கூட்டியே கடனைக் கட்டி முடித்தால் அதற்கு அபராதம் கேட்கக் கூடாது.

தவணை தாமதமானால் அபராதம், தாமதமான தொகைக்கு மட்டும்தான். மொத்தக் கடனுக்கும் போடக் கூடாது.

காப்பீடு மாதிரி வேறு எதையும் நம் முழுச் சம்மதம் இல்லாமல் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டக் கூடாது.

குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி என்பது எல்லை. பாதி வரைக்கும் வாங்கியே தீரணும் என்று அர்த்தம் இல்லை.

விதி இருந்தாலும் கேட்பவருக்குத்தான் கிடைக்கும். "அந்த விவரத் தாளைக் காட்டுங்க சார்" என்று நீங்கள் கேட்கணும். காட்டவில்லை என்றால் பேனாவை மூடி வைத்துவிடுங்க.

முடிக்கும் முன்

1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களைப் பாங்கோடு இணைக்கும் முயற்சியைத் தொடங்கியது. 1997-ல் மகளிர் திட்டம் வந்தது. அடமானமாக வைக்க நிலமோ நகையோ இல்லாத பெண்களுக்குப் பாங்க் எதை நம்பிக் கடன் கொடுத்தது? சேமிப்புப் பதிவேடு, கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம். நம் கணக்கை நம்பித்தான் கொடுத்தது. அந்தக் கணக்கைக் குழு நோட்டோடு நிறுத்திவிடாமல் வீட்டுக்குள்ளும் கொண்டுபோங்க.

வீட்டுக் கணக்கு ஒன்று தருகிறேன். கடன் 20,000. கைக்கு வருவது 19,500. பத்து மாதம், மாதம் 2,300 தவணை. பிளாட் வட்டி. வருஷத்துக்கு உண்மையான வட்டி என்ன? நூற்றுக்கு 38 ரூபாய்ப் பக்கத்தில் வரணும். வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்து மறுபடி போடுங்க. அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் போடக் கூடாது. பின் வரிசையில் இருந்து "எனக்குக் கணக்கு வராது" என்ற அம்மாதான் போர்டில் வந்து போடணும்.

அந்தத் தையல் மெஷின் அக்கா இப்போது அவங்க குழுவின் பிரதிநிதி. யாராவது வெளியில் கடன் எடுக்கப் போகிறேன் என்றால், "அட்டையைக் கொண்டா, மொதல்ல ரெண்டு பேரும் வகுத்துப் பாப்போம்" என்கிறார். என்னிடம் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க அன்னைக்குத் தெரியலைன்னு சொல்லியிருந்தா எனக்கு 1,260 ரூவா மிச்சம் மேடம்."

அவர் சொன்னது சரிதான். அதனால் என்னையும் சேர்த்து யார் "எடுங்க" என்று சொன்னாலும், நீங்களே வகுத்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்க.